வெட்டி ஒட்டினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறைக்கு முன் பல பள்ளிகளில் ஒரு வேலை கொடுத்தனுப்புகிறார்கள்: நாளிதழில் வரும் அறிவியல், இயற்கைக் கட்டுரைகளை வெட்டி நோட்டில் ஒட்டிவர வேண்டும். ஜூனில் வந்து சேரும் நோட்டுகளில் பெரும்பாலானவை அழகாக இருக்கும். ஒட்டியவர் படித்தாரா என்பதற்கு மட்டும் தடயம் இருக்காது. வெட்டும்போது தேதியும் போய்விடுவதால், எந்த ஆண்டுச் செய்தி என்றுகூடத் தெரியாது.

ஒட்ட வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். இடப்பக்கம் கட்டுரை (தேதியோடு), வலப்பக்கம் மாணவர் தாமே சரிபார்த்தது என்று நோட்டைப் பிரித்துவிட்டால் போதும். கட்டுரையில், வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரே ஒரு வரியைத் தேடி அடிக்கோடிட வேண்டும். அப்படி ஒன்றும் அகப்படவில்லையா, ரசித்துப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு கட்டுரையே தாராளம்.

சில வரிகளுக்குக் கணக்கே சோதனை. சூரிய ஒளி நம்மை அடைய 8 நிமிடம் 20 விநாடி ஆகும் என்று படித்தால், சூரியன் இருக்கும் தொலைவான 15 கோடி கிலோமீட்டரை, ஒளி ஒரு விநாடியில் கடக்கும் 3 லட்சம் கிலோமீட்டரால் வகுத்துப் பார்க்கலாம். 500 விநாடி வரும். பில்லியனைக் கோடியாக்கும்போது ஒரு சுழியம் நழுவும் கட்டுரைகளை (உங்கள் பக்கத்தில் வருபவற்றையும் சேர்த்தே சொல்கிறோம்) மாணவர்கள் இப்படித்தான் பிடிக்கிறார்கள்.

ஆனால் விடுமுறைக்கென்றே அமைந்தது நிழல் கட்டுரைதான். 'இன்று நிழலில்லா நாள்' என்று, அதாவது நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் என்று, ஏப்ரலில் செய்தி வருகிறது. அது பெரும்பாலும் சென்னையின் தேதி, 24-ஐ ஒட்டி. கன்னியாகுமரியில் 10, 11 தேதிகளிலும், மதுரையில் 15, 16-லும், கோவையில் 18, 19-லும் அது முடிந்திருக்கும். தேதி தவறிப்போனவர்கள் வருந்த வேண்டியதில்லை. மே மாதம் முழுவதும் தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். அந்த நிழலை இரண்டு ஊர்களில் ஒரே நாளில் அளந்தால் பூமியின் சுற்றளவு கிடைத்துவிடும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் செய்த அதே கணக்குதான். சென்னையில் ஒருவரும் கன்னியாகுமரியில் அவருடைய அத்தை மகனோ சித்தி மகளோ ஒருவரும் இருந்தால் சரி.

மொட்டைமாடியில் கம்பு நடச் சொல்லித்தான் கட்டுரைகள் எழுதுகின்றன. அங்கேதான் பிழை தொடங்குகிறது. மழைநீர் வழிய மாடித் தளத்துக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். மூலைமட்டம் வைத்துக் கம்பைத் தளத்துக்குச் செங்குத்தாக நிறுத்தினால், மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டமே அரைப் பாகைக்கு மேல் பிழை தரும். கம்பே வேண்டாம். உயரமான ஸ்டூலின் விளிம்பில் ஓர் அட்டையை வெளியே நீட்டி ஒட்டுங்கள். அதில் 3 மி.மீ. துளை போடுங்கள். துளையிலிருந்து நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, அது தளத்தைத் தொடும் புள்ளியைச் சாக்பீஸால் குறியுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலைதான் இது. காற்றில் நூல் ஆடும் என்பதால் அதிகாலையிலேயே குறித்துக்கொண்டு, அதன்பின் ஸ்டூலை நகர்த்தாமல் இருப்பது நல்லது. துளையிலிருந்து அந்தப் புள்ளி வரை உள்ள உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் தளத்தின் வாட்டத்தால் வரும் பிழை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது.

துளைக்கு இன்னொரு பயனும் உண்டு. சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே கம்பின் நிழல்நுனி மங்கித்தான் விழும், எதைக் குறிப்பது என்று கை தடுமாறும். துளை வழியே விழுவதோ சூரியனின் உருவம். 1 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 9 மி.மீ. வட்டம். அதன் நடுவைக் குறித்தால் போதும். துளை வழியாக யாரும் சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதைப் பெரியவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நண்பகல் என்பது கடிகாரத்தின் 12 மணி அல்ல. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. தமிழ்நாடு முழுவதும் அதற்கு மேற்கே இருக்கிறது. மே நடுவில் சென்னையில் நண்பகல் 12.05 வாக்கிலும் கன்னியாகுமரியில் 12.16 வாக்கிலும் வரும். இருவரும் 12 மணிக்கே அளந்தால் கன்னியாகுமரியின் நிழல் 1 செ.மீ.க்கு மேல் நீண்டுவிடும். 11.50 முதல் 12.30 வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒளிவட்டத்தின் நடுவில் குறி வையுங்கள், நூல் தொட்ட அடிப்புள்ளிக்கு மிக அருகில் வரும் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளிதான் நிழலின் நீளம். கத்திரி வெயில், குறி வைத்ததும் நிழலுக்கு ஓடிவிடலாம்.

மே 15-ஐ ஒட்டி, 1 மீட்டர் உயரத்துக்குச் சென்னையில் 10 செ.மீ., கன்னியாகுமரியில் 19 செ.மீ. வாக்கில் கிடைக்கும். நிழலை உயரத்தால் வகுத்து டேஞ்சன்ட் அட்டவணையில் பார்த்தால் கோணம் வந்துவிடும். கீழ்வகுப்பு மாணவர்கள் வரைதாளில் முக்கோணம் வரைந்து பாகைமானியால் அளக்கலாம், ஆனால் அரைப் பாகை தவறினாலே விடையில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். இரு கோணங்களின் வித்தியாசம் 5 பாகை. 360-ஐ 5-ஆல் வகுத்தால் 72, அதாவது இரு ஊர்களின் இடைவெளி பூமி வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு. இரு ஊர்களின் வடக்கு–தெற்குத் தொலைவு சுமார் 553 கி.மீ. பெருக்கினால் 39,816. துருவங்கள் வழியே பூமியின் உண்மையான சுற்றளவு 40,008 கி.மீ.

கோணத்தைச் சரியாக அளந்தவர்களும் தொலைவில் கோட்டைவிடுகிறார்கள். சாலைத் தூரமான 700 கி.மீ.யைப் போட்டால் பூமி 50,000 கி.மீ.யாக வீங்கும். இரு ஊர்களையும் நேர்க்கோட்டில் இணைத்தாலும் தவறு. கன்னியாகுமரி தெற்கே மட்டுமல்ல, மேற்கேயும் தள்ளியிருக்கிறது. நிலப்படத்தில் இரு ஊர்கள் வழியாகவும் கிழக்கு–மேற்குக் கோடுகள் இழுத்து, இடைவெளியை அளவுகோலால் அளந்து, படத்தின் அளவுத்திட்டத்தால் பெருக்க வேண்டும். அட்சரேகை வித்தியாசத்தை 111-ஆல் (பாகைக்கு 111 கி.மீ.) பெருக்கித் தொலைவு கண்டுபிடிப்பவர்களும் உண்டு. விடை பிரமாதமாக வரும். வராமல் எங்கே போகும், 111 என்ற எண்ணுக்குள்ளேயே பூமியின் சுற்றளவு இருக்கிறதே!

மதுரை–திருச்சி போன்ற ஜோடி இதற்கு ஆகாது. வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை. ஆளுக்கு 1 மி.மீ. எதிரெதிராகத் தவறினால் விடை 5,000 கி.மீ. புரளும். பூமியை அளக்கும் வேலைக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு: 1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் தம் அளவைக்கு அடிப்படையான முதல் கோட்டைப் பரங்கிமலைப் பக்கம்தான் அளக்கத் தொடங்கினார், அவரும் கோடையில்தான்.

இயற்கைக் கட்டுரைகளில் பட்டாம்பூச்சி எளிது. எலுமிச்சை, கறிவேப்பிலைத் தளிரில் பறவை எச்சம்போல் இருக்கும் புழுவைக் கிளையோடு எடுத்து, வாயகன்ற பாட்டிலில் விட்டு, வலைத்துணியால் மூட வேண்டும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையில் மருந்து இருந்தால் புழு செத்துவிடும். கிளை நிற்கும் தண்ணீர்க் குப்பியின் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் புழு அதில் விழுந்து மூழ்கிவிடும். கழிவைத் தினமும் தட்டிவிடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கடைசித் தோலுரிப்புக்குப் பின் புழு பச்சையாகும். அப்போது சாய்வாக ஒரு குச்சி வையுங்கள். வெளிவரும் பூச்சிக்குத் தொங்கிச் சிறகு விரிக்க இடமில்லையென்றால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும். கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் ஈயோ சிறு குளவியோ வந்தால் சோதனை தோற்றதாக எண்ணித் தூக்கிப் போடுகிறார்கள். அவை ஒட்டுண்ணிகள். கட்டுரையில் இல்லாத செய்தி அது. தேதி போட்டு எழுத வேண்டிய முதல் வரியும் அதுதான்.

எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். விடுமுறை மாதங்களில் அறிவியல் பக்கத்தின் ஓரத்தில், வெட்டினாலும் போகாத இடத்தில், தேதியை அச்சிடுங்கள். கட்டுரையில் ஓர் எண் வந்தால் அது எந்த ஊரில், எப்படி அளந்தது என்று ஒரு வரி சேருங்கள். பூச்சி, செடிகளுக்குத் தமிழ்ப் பெயரோடு அவை எந்த மாதத்தில் எங்கே கண்ணில் படும் என்பதும் வேண்டும். நிழலில்லா நாள் செய்தியில் நாகர்கோவில் முதல் திருவள்ளூர் வரை மாவட்டத் தலைநகர்களின் தேதியையும் நண்பகல் நேரத்தையும் சிறு பெட்டியாகப் போடலாம். செய்தி அன்று காலையில் வந்தால் நூலும் நட்டும் தேடவே நேரம் சரியாகிவிடும். ஒரு வாரம் முன்பே வரட்டும்.

– அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
விருதுநகர் மாவட்டம்.