பழைய காலேஜ், யுனிவர்சிட்டி ரெக்கார்டுகளை எடைக்குப் போடாம காப்பகத்துல வைக்கச் சொல்லி கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர், நாகர்கோவில்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

ஐயா / அம்மா, வணக்கம்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல பட்டா, முதியோர் பென்ஷன், ரோடு, குடிதண்ணின்னு வாற மனுக்களுக்கு நடுவுல இது கொஞ்சம் வித்தியாசமா தெரியும், தயவுசெஞ்சு முழுசா வாசிங்க. நம்ம மாவட்டத்து பழைய கல்லூரிகள்ல இருக்கிற அட்மிஷன் ரிஜிஸ்டர், டிசி அடிக்கட்டை, மார்க் ரிஜிஸ்டர், கவுன்சில் மினிட்ஸ், யுனிவர்சிட்டியோட நடந்த அஃபிலியேஷன் (இணைப்பு அங்கீகாரம்) கடிதப் போக்குவரத்து, இதையெல்லாம் ஆவணக் காப்பகத்து ஆள் வந்து பாத்து முடிவு சொல்ற வரைக்கும் யாரும் அழிக்கக் கூடாது, பேப்பர் கடைக்குப் போடக் கூடாது. என் கோரிக்கை அவ்வளவுதான், மீதி எல்லாம் அதுக்கான காரணம்.

நான் ஒரு காலேஜ் ஆபீஸ்ல கிளார்க்கா சேந்து அங்கேயே ரிட்டயர் ஆனவன், ரெக்கார்டு எப்படி காணாம போவுதுன்னு உள்ள இருந்தே பாத்திருக்கேன். யாரும் கெட்ட எண்ணத்துல செய்றதில்ல. காலேஜோட தரத்தை மதிப்பிடுற தேசிய அமைப்பான நாக் (NAAC) டீம் வாறாவன்னு லெட்டர் வந்தா போதும், கேம்பஸ் பூரா வெள்ளையடிப்பு நடக்கும், ஸ்மார்ட் கிளாஸுக்கு ஒரு ரூம் வேணும், அப்ப எல்லாரு கண்ணும் அந்த மாடிப்படி பக்கத்து ரெக்கார்டு ரூம் மேலதான் விழும். "இந்த குப்பை எதுக்கு கெடக்கு"ன்னு ஒருத்தர் கேப்பாரு, மறுநாள் வண்டி வந்து நிக்கும். போன அஞ்சு வருஷத்து ஃபைலை கலர் கலரா ஸ்பைரல் பைண்டிங் போட்டு டீமுக்கு காட்டுவாவ, அம்பது வருஷத்து ரிஜிஸ்டர் கிலோ கணக்குல வெளிய போவும். தரம் பாக்க வாறவங்களுக்காகவே காலேஜோட வரலாறு காலி ஆவுது, இதை எங்க போயி சொல்ல!

மத்த மாவட்டத்துக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கு. திருவிதாங்கூர் காலத்துல நம்ம காலேஜ் படிப்பு முதல்ல சென்னை யுனிவர்சிட்டிக்கு கீழ, 1937ல திருவிதாங்கூர் யுனிவர்சிட்டி வந்ததும் திருவனந்தபுரத்துக்கு கீழ, 1956 நவம்பர் 1ல மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்த பிறகு திரும்ப சென்னை, 1966ல மதுரை யுனிவர்சிட்டி, 1990ல இருந்து திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார். 1893ல இருந்து கல்லூரியா நடக்கிற ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி மாதிரி ஒரு இடத்தோட கதையை யாராவது எழுதணும்னா இத்தனை ஊருக்கும் அலையணும், 1952ல ஆரம்பிச்ச தெ.தி. இந்துக் கல்லூரிக்கும் அதே கதிதான். யுனிவர்சிட்டி பக்கத்து ஃபைல் பல ஊர்ல கெடக்கும், ஆனா காலேஜ் பக்கத்து காப்பி மட்டும் அஞ்சு காலத்துக்கும் சேத்து இங்க ஒரே கட்டடத்துல இருக்கு. அதைத்தான் நாம எடைக்குப் போடுதோம்.

அட்மிஷன் ரிஜிஸ்டரை சாதாரணமா நினைக்காதீங்க. அதுல தகப்பனார் தொழில்னு ஒரு கட்டம் இருக்கும், ஊர் இருக்கும், சாதி இருக்கும், ஃபீஸ் சலுகை உண்டா இல்லையான்னு இருக்கும். பனையேறி வீட்டுல இருந்து முதல் பையன் எந்த வருஷம் காலேஜுக்கு வந்தான், கடற்கரை ஊர்ல இருந்து முதல் பொண்ணு எப்ப வந்தா, விளவங்கோடு பக்கம் இருந்து வந்தவங்க எத்தனை பேரு பாதியில நின்னாங்க, இதெல்லாம் எந்த புத்தகத்துலயும் இப்படி வரிசையா கிடைக்காது. தமிழ்நாட்டோட சேரணும்னு நடந்த போராட்டத்துல 1954 ஆகஸ்ட் 11ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூடு நடந்துச்சு, அந்த மாசத்து அட்டெண்டன்ஸையும் பிரின்சிபால் ஆபீஸ் கடிதத்தையும் பாத்தா மாணவர்கள் பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு தெரியலாம், ஆனா அது இருந்தாத்தானே பாக்க முடியும். தலைவர்கள் பேசினது எப்படியாவது அச்சுல நின்னுரும், சாதாரண வீட்டுப் பிள்ளைங்க படிக்க வந்ததுக்கு இந்த ரிஜிஸ்டர்தான் சாட்சி.

வரலாறு வேண்டாம்னாலும் நடைமுறைக்கு வேணும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போற நம்ம ஊர் ஆளுக்கு சர்டிபிகேட் ஜென்யூன்னு எழுதிக் கேட்டு லெட்டர் வரும், பழைய ரிஜிஸ்டர் இல்லன்னா பதில் எழுத முடியாது. ரிட்டயர் ஆன லெக்சரருக்கு பென்ஷன்ல சர்வீஸ் கணக்கு இடிக்கும், அப்பவும் சம்பளம் வாங்கினதுக்கு கையெழுத்து போட்ட பழைய அக்விட்டன்ஸும் சர்வீஸ் ரிஜிஸ்டரும்தான் கைகொடுக்கும்.

"ஸ்கேன் பண்ணியாச்சுல்லா, பிறகு பேப்பர் எதுக்கு"ன்னு கேக்கிறவங்க உண்டு. ஸ்கேன் வேணும்தான், ஆனா ஹார்டு டிஸ்க் ஒருநாள் சொல்லாம கொள்ளாம நின்னுரும், ஃபாக்ஸ்புரோங்கிற பழைய சாஃப்ட்வேர்ல ஏத்தி ஃபிளாப்பி டிஸ்க்குல வச்ச பழைய ரிசல்ட்டை இன்னைக்கு எந்த கம்ப்யூட்டர்ல போட்டு பாக்க? நம்ம ஊருக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஈரத்துலயே பாதி வருஷம் போவும், கரையானும் ராமபாணப் பூச்சியும் பாக்கியைப் பாத்துக்கும், குண்டூசி துருப்பிடிச்சு காகிதத்தைத் தின்னும். இதுல நல்லது செய்றோம்னு சில இடத்துல செல்லோடேப் ஒட்டுதாவ, பிளாஸ்டிக் லேமினேஷன் போடுதாவ, அது இன்னும் கேடு.

உங்க அலுவலகத்துலயே ஒரு ஃபைலை முடிக்கும்போது ஆர்.டிஸ், டி.டிஸ், எல்.டிஸ்னு போட்டுத்தான் ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவாவ, ஆர்.டிஸ்னா நிரந்தரம், டி.டிஸ்னா 10 வருஷம், எல்.டிஸ்னா 1 வருஷம். நான் வேலை பாத்த இடத்துல அப்படி ஒரு முறையே கிடையாது, எதை வைக்க எதை அழிக்கன்னு அந்தந்த நேரத்துல இருக்கிறவங்க மனசுதான் சட்டம். மத்திய அரசு ஆபீசுகளுக்கு 1993 பொது ஆவணச் சட்டம் இருக்கு, முறை தவறி அழிச்சா 5 வருஷம் வரை ஜெயில்னு இருக்கு, அது மாநில யுனிவர்சிட்டிக்கோ காலேஜுக்கோ பொருந்தாது. ஆனா 2005 தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 4 ரெக்கார்டை பட்டியல் போட்டு அட்டவணையோட வைக்கணும்னு சொல்லுது, அரசு நிதியை நம்பி நடக்கிற எய்டட் காலேஜுக்கும் அது உண்டு.

யுனிவர்சிட்டி மேல உங்களுக்கு நேரடி அதிகாரம் இல்லன்னு தெரியும். அதனால உங்களால முடியறதையே கேக்கேன். கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் வழியா எல்லா கல்லூரிக்கும் ஒரு சுற்றறிக்கை போகட்டும், 1990க்கு முந்தின எந்த ஆபீஸ் ரெக்கார்டையும் இப்போதைக்கு அழிக்காதே, என்ன இருக்குன்னு ஒரு பட்டியல் எழுதி அனுப்புன்னு. அந்தப் பட்டியலோட எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் உயர்கல்வித் துறைக்கும் நீங்க ஒரு பரிந்துரை எழுதணும், அவங்க ஆளை அனுப்பி எது நிரந்தரம்னு குறிச்சுக் குடுக்கணும். எல்லாத்தையும் 700 கிலோமீட்டர் தள்ளி சென்னைக்கு ஏத்திட்டுப் போயிட்டா நம்ம பிள்ளைங்க யாரும் பாக்கப் போறதில்ல, அதனால மாவட்டத்துக்குள்ளயே ஒழுகாத கட்டடமா ஒரு இடமும் பயிற்சி எடுத்த ஒரு ஆளும் வேணும். உயிரோட இருக்கிறவங்க மார்க், சாதி, வருமானம் எல்லாம் அதுல இருக்கிறதால யார் எதைப் பாக்கலாம்னு விதி போட்டுத்தான் திறக்கணும், அதையும் காப்பகத்துக்காரங்களே சொல்லட்டும்.

அடுத்த நாக் விசிட்டுக்கு முன்னாடி அந்த சுற்றறிக்கை மட்டுமாவது போயிட்டா நல்லது, மத்தது மெதுவா நடக்கட்டும். பட்டியல் போடுற வேலைக்கு என்னை மாதிரி ரிட்டயர் ஆன ஆபீஸ் ஆளுங்களைக் கூப்பிட்டா சம்பளம் இல்லாம வாறோம், பழைய கையெழுத்து எங்களுக்குப் பழக்கம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளர்,
நாகர்கோவில்.

நகல்: உயர்கல்வித் துறை செயலாளர், சென்னை, ஆணையர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர்.