நாகும் நாம்பனும் எங்க போச்சுது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பொங்கலுக்கு வந்த பேப்பரில 'மாடு எண்டா செல்வம்' எண்ட கட்டுரை வாசிச்சன். பிழை சொல்ல வரேல்ல, 400ஆவது குறளில 'மாடல்ல மற்றை யவை' எண்டு வள்ளுவர் சொல்லுறது செல்வத்தைத்தான். ஆனா அதே வள்ளுவர் பசுவைச் சொல்லேக்க 'ஆபயன் குன்றும்', 'ஆவிற்கு நீர்' எண்டு ஆ எண்டுதான் சொல்லுறார், அதையும் போட்டிருந்தா சனத்துக்கு இன்னும் வடிவா விளங்கியிருக்கும். மாடும் காசும் ஒண்டாப் போறது எங்களிட்ட மட்டும் இல்லை, இலத்தீனில பெக்கஸ் எண்டா ஆடுமாடு, அதில இருந்துதான் காசுக்கு பெக்கூனியா எண்டு பேர் வந்தது, இங்கிலிஷில மாட்டுக்குச் சொல்லுற கற்றிலும் முதலுக்குச் சொல்லுற கப்பிற்றலும் ஒரே வேர். எங்கட வாயில வாற பசு சமஸ்கிருதம், அந்த பெக்கஸுக்கு உறவுக்காரச் சொல்லு. பள்ளிக்கூடத்தில சைவசமயப் பாடத்தில பதி பசு பாசம் எண்டு பாடமாக்கினமே, அங்க பசு எண்டா பாசத்தில கட்டுப்பட்ட உயிர், அதாவது நாங்கள்தான்!

சரி, எழுத வந்த விஷயம் வேற. அதே பக்கத்தில 'மாட்டுப் பொங்கல்', 'கிடேரிக் கன்று' எண்டெல்லாம் கிடக்கு. இதுகள் இந்தியாவில சொல்லுறது, ரீவி பாத்துப் பாத்து எங்கட பேப்பருக்கும் தொத்தியிட்டுது போல. யாழ்ப்பாணத்தில எங்களுக்கு அது பட்டிப்பொங்கல் ஐயா. பட்டி எண்டா மாடு அடைக்கிற இடம், புகையிலைத் தோட்டக்காரர் எருவுக்கெண்டு பட்டி அடைச்சதை எங்கட வயசுக்காரர் எல்லாம் கண்டிருப்பினம். மாடு கண்டு போட்டா நாகோ (பெண் கண்டு) நாம்பனோ (ஆண் கண்டு) எண்டுதான் பக்கத்து வீட்டுக்காரர் கேப்பினம். நாகு எண்டதை ஊர்ப்பேச்சு எண்டு ஒதுக்கேலாது, தொல்காப்பிய மரபியலிலயே 'எருமையும் மரையும் பெற்றமும் நாகே' எண்டு இருக்கு, பெற்றம் எண்டது மாடு, பேந்து நத்தையில பெண்ணையும் நாகு எண்டு சொல்லலாமாம், அதை இப்ப ஆரும் சொல்லுறதில்லை, அது போகட்டும். அவ்வளவு பழைய சொல்லு எங்கட மாட்டுக்கொட்டிலுக்குள்ள உயிரோட கிடக்கேக்க ஏன் வேற சொல்லைத் தேடுறியள்?

ஒரு சொல்லை மட்டும் நீங்கள் விடேல்ல, கட்டாக்காலி. றோட்டில மோட்டச்சைக்கிள் மோதின செய்தியில எல்லாம் வருது. காலி எண்டா பழைய தமிழில மாட்டுக்கூட்டம், கட்டாத காலி கட்டாக்காலி, அவ்வளவுதான். ஆனா அதை வாசிச்சா மாட்டில பிழை எண்டமாதிரிக் கிடக்கு, கட்டாமல் விட்டது மாடில்லையே, அந்தச் செய்தியில சொந்தக்காரரையும் ரெண்டு வரி கேளுங்கோவன்.

வாற தைக்கு பட்டிப்பொங்கல் எண்டே தலைப்புப் போடுங்கோ. நாகு விளங்காத பெடியளுக்கு வேணுமெண்டா பக்கத்தில அடைப்புக்குறிக்குள்ள கிடேரி எண்டு போடலாம்.

இப்படிக்கு,
மாடு வளக்கிற வாசகன்,
புன்னாலைக்கட்டுவன்.