முத்துப் போன்ற கையெழுத்து

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாத குற்றவாளி எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். சர்க்கரை மட்டும் அதன் விருப்பப்படி ஏறி இறங்குகிறது. பெரியவனுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. மற்றவை நேரில். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

மாலை வேளைகளில் என் திண்ணையில் படிக்க வரும் பிள்ளைகளோடு, ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். அவளுடைய அறிவியல் நோட்டை விரித்ததும் மலைத்துவிட்டேன். முத்துக் கோத்தாற்போன்ற எழுத்து, தலைப்புகளுக்குப் பச்சை மையில் அடிக்கோடு, பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரின் சிவப்புக் கையொப்பம். முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். ‘ஒளிச்சேர்க்கை’ என்று இருந்தது. ‘ஒ’ என்றாள், சற்றுப் பொறுத்து ‘ளி’ என்றாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கரும்பலகையில் இருந்ததைக் கோலம் போடுவதுபோல் வரைந்து வைத்திருக்கிறாள், கதிரேசா. சுழியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது அவள் கைக்குத் தெரிகிறது. அது என்ன சொல்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அவள் 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்து, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் கதவு திறந்தது. ஆகவே கொரோனாவின்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் அவளுடைய தாய், நகைக் கடன் பற்றி வந்த ஒரு காகிதத்தைப் படித்துச் சொல்லும்படி என்னிடமே கொண்டுவந்து நீட்டினாள். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவளாம். “என் நோட்டில் நீங்கள் ‘மிக நன்று’ போட்டீர்கள், சார்” என்று பெருமையாகச் சொன்னாள். அவள் காலத்தில் எந்தக் கொரோனா வந்தது?

நமக்குத் தெரியாமலா இருந்தது? 1991இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் எரிந்துகொண்டிருந்தபோது, நீயும் நானும் இரவில் பெட்ரோமாக்ஸ் விளக்கடியில் கல்குவாரிப் பெண்களுக்குப் பாடம் நடத்தினோம். அங்கே ‘அ’னா ‘ஆ’வன்னாவில் தொடங்கவில்லை, ‘பட்டா’ என்ற சொல்லில் தொடங்கினோம். நிலம் யார் பெயரில் இருக்கிறது, ஏன் நம் பெயரில் இல்லை என்று அரைமணி நேரம் சண்டை நடக்கும். அதன் பிறகுதான் பலகையில் எழுத்து. நாள் முழுக்கக் கல் உடைத்த கை அந்தச் சொல்லை மறக்கவில்லை. அதே நாம் விடிந்ததும் பள்ளிக்கூடம் போய், ‘பார்த்து எழுது’ என்று சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டை முடித்துக்கொண்டிருந்தோம். ஆய்வுக்கு வருகிறவர்கள் நோட்டைத்தான் புரட்டுவார்கள், பிள்ளையைப் படிக்கச் சொல்வது அபூர்வம் என்பது நமக்கு வசதியாகப் போயிற்று.

2007இல், பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்துத் தம் வேகத்தில் தாமே படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது அதைச் ‘சீட்டாட்டம்’ என்று கேலி செய்தவன் நீ; விழுந்து விழுந்து சிரித்தவன் நான். அட்டைகள் கிழிந்ததும், ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளோடு அல்லாடியதும் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும், பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய கற்றல் ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்று தனித்தனியே பார்த்தாக வேண்டிய கட்டாயம் அதில் இருந்தது. அப்படிப் பார்த்திருந்தால் எழுத்தை வரைகிற பிள்ளை ஒரு வாரத்தில் அகப்பட்டிருக்கும். நாம், பிள்ளைகளே எழுதுவதற்கென்று சுவரோரம் தாழ்வாக இருந்த கீழ்மட்டக் கரும்பலகையிலும் பார்த்தெழுதத்தான் வைத்தோம்.

எந்தச் சொல்லைப் படிக்க ஆசை என்று நேற்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அப்பா வேலை பார்க்கும் ஊரின் பெயர் என்றாள். ‘திருப்பூர்’ என்று எழுதிக் காட்டினேன். நடுவில் இருந்த ‘பூ’வைத் தானே கண்டுபிடித்துச் சிரித்தாள். இன்று ‘திரு’வும் வந்துவிட்டது.

உன் பரணில் அந்த அறிவொளிப் புத்தகம் ஒரு பிரதியாவது கிடக்கும். திருவிழாவுக்கு வரும்போது தேடி எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
ராமு