கெட்ட எண்ணம் வந்த கிலோமீட்டர்

விருதம்பட்டு, வேலூர்
மார்கழி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போனில் பேசினால் நீ கேட்பாய், நான் வாய் தவறிப் பதில் சொல்லிவிடுவேன். அதனால்தான் கடிதம். ஒருமுறை படித்துவிட்டு மடித்து வை. சரியாகப் படித்தோமா என்று திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 10 கிலோமீட்டர் ஓடப் போனவள் 14 ஓடினாயாம். ஏழாவது கிலோமீட்டரில் அந்தக் கெட்ட எண்ணம் வந்துவிட்டதால் அது கெட்டுப்போனதாம். அதைத் திரும்ப ஓடினாய், அதிலும் வந்தது, மறுபடியும் ஓடினாய். கால் எலும்பு வலிப்பதைப் போகிற போக்கில் சொன்னாய். ஓட்டமே போதும் போலிருக்கிறது, ஓ.சி.டி. என்ற அந்த எண்ணச் சுழல் நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டாய். நீ ஓடுகிறாய் என்பதில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஓடாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. ஓட்டம் உனக்கு என்ன செய்தது என்று என்னைவிட அருகில் இருந்து பார்த்தவர் யாரும் இல்லை.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அங்கிருந்து தொடங்குகிறேன். நமக்கு ஆறு என்றால் மணல்தான். நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை என்று நம் ஊரைச் சொல்வார்கள். அந்தச் சொல் பொய்யான நாள் அது. செந்நீர் கரைபுரண்டு ஓடுவதைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது. நாமும் போனோம். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நீ அவளுக்குப் பின்னால் நின்றாய். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாய்: "அப்பா, நான் அந்தக் குழந்தையைத் தள்ளிவிடவில்லையே?"

நான் சிரித்தேன். இல்லை கண்ணு என்றேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டாய். இரவு ஒரு மணிக்கு உன்னை ஸ்கூட்டரில் ஏற்றி, டார்ச் விளக்கோடு பாலத்துக்கே அழைத்துப் போனேன். நேரில் பார்த்துவிட்டால் உனக்கு நிம்மதி வரும் என்று நம்பினேன். வந்தது. பாலத்திலிருந்து வீடு வரைக்கும் இருந்தது. வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள், "திரும்பி வரும்போது யாரையாவது இடித்துவிட்டோமா அப்பா?" என்றாய்.

என் வேலை உனக்குத் தெரியும். விழுப்புரம் ரயில் பாதையில் 31 ஆண்டுகள் கேட் கீப்பராக இருந்தவன். ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார். கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, மூடியதற்கு உறுதியாக ஒரு பிரைவேட் நம்பர் சொல்வேன். அவர் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்வார், நான் என் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன். வண்டி கிளம்பும். நம்பரை வாங்கிய பிறகு எந்த மாஸ்டரும் மறுபடி அழைத்து, நிஜமாகவே மூடினாயா என்று கேட்டதில்லை. அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வண்டியும் ஸ்டேஷனைத் தாண்டாது. உனக்கு நான் இரவெல்லாம் நம்பர் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீயும் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொண்டாய். எழுதி வைக்கத்தான் உன் மனதில் இடம் இல்லாமல் போயிற்று.

அதன்பின் ஒருவர் கயிறு கட்டினார். ஒருவர் கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகும் என்றார். அதில் எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு. அதை உன்னிடம் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்.

பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மருத்துவமனையில் நோயாளியோடு வீட்டாரும் தங்குவது 1950களிலிருந்தே இருக்கும் வழக்கம். உனக்குத் துணைக்கு என்று நினைத்துத்தான் தலையணையும் போர்வையுமாக வந்தேன். எனக்கும் சேர்த்தே பாடம் நடந்தது. டாக்டர் அம்மா சொன்னது நினைவிருக்கிறதா? உயரமான இடத்தில் நிற்கும்போது குதித்தால் என்ன ஆகும் என்று பலருக்கும் ஒரு நொடி தோன்றும், வந்த வழியே போய்விடும். ஓ.சி.டி. உள்ளவரிடம் அது ஒட்டிக்கொள்ளும். அதுவும் தன் இயல்புக்கு எது ஆகவே ஆகாதோ, அந்த எண்ணமாகப் பார்த்து ஒட்டும். எறும்புக்கும் வழிவிட்டு நடக்கும் உனக்குக் குழந்தையைத் தள்ளும் எண்ணம் வந்ததற்குக் காரணம் அதுதான் என்றார். சரிபார்ப்பதும், கேட்பதும், கழுவுவதும் சிரங்கைச் சொறிவது போல. சொறியும்போது சுகம், பிறகு புண் பெரிதாகும். பயம் வரட்டும், அதற்குரிய சடங்கை மட்டும் செய்யாமல் இரு, பயம் தானே ஏறித் தானே இறங்குவதைப் பார் என்பதுதான் சிகிச்சை.

எனக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார்: "உனக்குப் பயமாக இருப்பது தெரிகிறது கண்ணு, ஆனால் இதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன்." முதல் முறை அதைச் சொன்னபோது நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். 31 ஆண்டுகளில் எந்த இரவுப் பணியும் எனக்கு அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. வீடு திரும்பிய பிறகும் அம்மா சமையலறையிலிருந்து, "ஒன்றும் ஆகவில்லை, தூங்கு" என்று மெல்லச் சொல்லிவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

பிறகுதான் ஓட்டம். காலை 5 மணிக்கு பஸ் பிடித்துக் கோட்டை மைதானத்துக்குப் போவோம். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஏழு மணிக்குமேல் யார் ஓட முடியும்? முதல் நாள் அகழி ஓரம் கொஞ்ச தூரம் ஓடியதுமே நெஞ்சில் கைவைத்து நின்றுவிட்டாய். "பயம் வந்துவிட்டது அப்பா" என்றாய். உன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், நாடி குதித்தது. "நீ ஓடினாய் கண்ணு, அதுதான்" என்றேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு சிரித்தாய். ஒரு வருடத்துக்குப் பிறகு உன் பல் தெரிந்த சிரிப்பு.

டாக்டர் அம்மாவிடம் சொன்னபோது அவருக்கும் மகிழ்ச்சி. படபடப்பு, வியர்வை, மூச்சிரைப்பு எல்லாம் பயத்திலும் வரும், ஓட்டத்திலும் வரும். உடம்பு அப்படி ஆவதே ஆபத்தின் அறிகுறி என்று மனம் நம்பி வைத்திருக்கிறது. தானாகவே விரும்பி அந்தப் படபடப்புக்குள் போய், அது அடங்குவதையும் பார்த்தால் அந்த நம்பிக்கை தளரும் என்று விளக்கினார். உறக்கம் நன்றாக வரும், பதற்றம் குறையும். ஆனால் ஓட்டம் சிகிச்சைக்குத் துணை, சிகிச்சையின் இடத்தை அது பிடிக்காது என்றும் அன்றே சொன்னார். அந்தப் பாதியை நீ பெங்களூருக்கு எடுத்துப் போக மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன்.

பாப்பா, அந்த நோய்க்கு ஓட்டத்துக்குள்ளும் நுழையத் தெரியும். தண்ணீர்க் குழாய்க்குள் நுழைந்தது, கதவுத் தாழ்ப்பாளுக்குள் நுழைந்தது, இப்போது உன் கைக்கடிகாரத்துக்குள் நுழைந்திருக்கிறது. எவ்வளவு தூரம் ஓடினாய் என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருநாள் ஓடாவிட்டால் உடம்பு மந்தமாக இருக்கிறதா, அல்லது அப்பாவுக்கு ஏதாவது நேர்ந்துவிடும் என்று தோன்றுகிறதா? போன மாதம் இரண்டாவதை நீயே என்னிடம் சொன்னாய். ஓடிக் களைப்பதற்கும் ஓடிக் கழுவுவதற்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

கெட்ட எண்ணம் வந்த கிலோமீட்டரையும் கணக்கில் வை. அதுவும் உன் கால் ஓடிய கிலோமீட்டர். எண்ணம் வந்தால் வரட்டும், கூடவே ஓடி வரட்டும், விரட்டவும் வேண்டாம், பதில் சொல்லவும் வேண்டாம். திரும்ப மட்டும் ஓடாதே. வாரத்தில் ஒருநாள் கடிகாரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போ. 10 என்று காட்டுவதற்கு முன்பே, 9.6-லோ 9.7-லோ வேண்டுமென்றே நின்று பார். எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள் ஓடவே வேண்டாம்.

கால் வலியைத் தள்ளிப்போடாதே. எலும்பில் விரல் வைத்து அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தால் மயிரிழை முறிவாக இருக்கலாம். எலும்பு டாக்டரைப் பார்க்கும் வரை ஓட்டத்தை நிறுத்தி வை.

மாத்திரை விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த நோயில் அது வேலை காட்டவே 8 முதல் 12 வாரம் ஆனது, மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவும் தேவைப்பட்டது. அப்படிப் பொறுத்திருந்து பெற்றதை ஒரு நல்ல வாரத்தை நம்பி விட்டுவிடாதே. திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும், உறக்கம் கெடும், நோயும் திரும்பலாம். குறைப்பதானால் டாக்டர் அம்மா சொல்லும் அளவில், சொல்லும் காலத்தில் குறைக்கட்டும். அவருக்குப் போன் செய்து கிலோமீட்டர் கதையையும் மறைக்காமல் சொல். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். என்னையும் அழைக்கலாம். பதில் சொல்ல மாட்டேன், ஆனால் விடியும் வரை லைனில் இருப்பேன்.

கடைசியாக நீ கேட்டாய்: "ஓடிக்கொண்டே இருந்தால் இது முழுசாகப் போய்விடும் அல்லவா அப்பா?" அது எந்த வகைக் கேள்வி என்று உனக்கே தெரியும். போய்விடும் கண்ணு என்ற சொல் அன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இந்தக் கடிதத்திலும் அதற்குப் பதில் இல்லை.

பொங்கலுக்கு லால்பாக் எக்ஸ்பிரஸில் வா. காட்பாடியில் நான் நிற்பேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கிவைக்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. அந்த வெள்ளத்துக்குப் பிறகு நீ பாலத்தைக் காலால் கடக்கவே இல்லை. கோட்டைக்கு பஸ்ஸில் போகும்போது, பாலம் வந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது போல இருந்துவிடுவேன். டாக்டர் அம்மாவிடம் கேட்டேன், நீ சம்மதித்தால், கால் வலியும் இல்லாவிட்டால் செய்யலாம் என்றார். மாட்டுப் பொங்கல் அன்று காலை ஐந்தரைக்கு, பனி கலைவதற்கு முன், வீட்டிலிருந்தே மெதுவாக ஓடிக் கோட்டைக்குப் போவோம். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. பாலத்தில் நான் கைப்பிடிச் சுவரை ஒட்டி, உனக்கு ஒரு கை தூரம் முன்னால் ஓடுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா