விற்காத வீட்டுக்கு விளம்பரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழோடு வந்த வீடு-மனை இணைப்பில், "விற்கும் எண்ணமே இல்லாதவர் வாசலில்கூட வாங்குபவரைக் கொண்டுபோய் நிறுத்துபவரே கெட்டிக்காரத் தரகர்" என்று ஒரு வரி இருந்தது. கட்டுரையாளர் இதை மெச்சி எழுதியிருக்கிறார். அவர் வாசலில் இதுவரை யாரும் அப்படி நிறுத்தப்படவில்லை போலும். என் வாசலில் நிறுத்தினார்கள்.

எங்கள் வீடு அப்பா கட்டியது. கீழே நான் இருக்கிறேன், மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. மாடி காலியாக இருந்த காலத்தில் அதை வாடகைக்கு விட நானே ஒரு இணையதளத்தில் படங்களோடு விளம்பரம் போட்டேன், ஆள் கிடைத்ததும் எடுத்துவிட்டேன். அந்தப் படங்களை எவரோ ஒரு தரகர் எடுத்துவைத்துக்கொண்டு, மேலே தன் கைப்பேசி எண்ணைக் கொட்டை எழுத்தில் பதித்து, முழு வீடும் விற்பனைக்கு என்று போட்டுவிட்டார். "அவசர விற்பனை, நேரடி உரிமையாளர்" என்று தலைப்பு வேறு. உரிமையாளர் நான், எனக்கு ஒரு அவசரமும் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் அந்த ஒரு சொல் போதாதா? கடனா, வியாதியா, பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கூப்பிடுகிறார்களா என்று ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். சிலர் ஆறுதல் சொல்லக்கூட வந்தார்கள்.

முன்பின் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அழைப்புமணி அடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பாவம், அவர்களும் ஏமாந்து வந்தவர்கள்தான். மாடியில் இருந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சங்கடம் என்று நினைத்திருப்பார். வேறு வீடு பார்த்து முடித்த பிறகுதான் வந்து, "நீங்களே சொல்றதுக்கு முன்னாடி நாங்களே கிளம்பிடுறது மரியாதைங்க" என்றார். நல்ல மனிதர்களை இழந்தேன்.

அதைவிடப் பெரிய சங்கதி என் தம்பி. வெளியூரில் இருக்கிறான். எங்களுக்குள் இன்னும் பாகப்பிரிவினை ஆகவில்லை, வீட்டில் அவனுக்கும் பங்கு உண்டு. யாரோ அந்த விளம்பரத்தை அவனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார்கள். இரவு கூப்பிட்டு, "அக்கா, வீட்டை விக்கிறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான். விளக்கிச் சொன்னேன். "சரிக்கா" என்றான். அந்த "சரிக்கா"வில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் கெட்டிக்காரத் தரகருக்கு இதெல்லாம் கணக்கில் வராது.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு நானே பேசினேன். முதலில் என்னையும் வாங்க வந்த பார்ட்டி என்றே நினைத்து என் வீட்டை எனக்கே வர்ணித்தார். தண்ணீர் வசதி, காற்றோட்டம், வில்லங்கம் இல்லாத பத்திரம் எல்லாம் சொன்னார். உரிமையாளரே நான்தான் என்றதும் ஒரு கணம் தயங்கிவிட்டு, "மேடம், உங்களுக்கு ஃப்ரீயா விளம்பரம் பண்ணிக் கொடுத்திருக்கேன், இதுல என்ன தப்பு? நீங்க விக்கலைன்னா பரவாயில்ல, வர்ற பார்ட்டிக்கு வேற வீடு காட்டிக்கிறேன்" என்றார். அவருக்கு என் வீட்டை விற்பது நோக்கமே இல்லை. தூண்டிலில் மாட்டும் புழு அது. மீன் அவருடைய வேறு கூடைக்குப் போகிறது.

இதற்கு விதி இல்லையா என்றால் இருக்கிறது, தாங்கள் அறியாததல்ல. கொடுக்க உத்தேசமே இல்லாத பொருளைக் காட்டி ஆளை இழுக்கும் விளம்பரங்களைப் பற்றி 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-லேயே வந்தாயிற்று. தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பொய்யான விவரம் சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு, ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான கட்டுமானத் திட்டங்களில் மனையோ வீடோ விற்றுக் கொடுப்பவர்களுக்குத்தான். என்னைப் போல ஒரு பழைய தனி வீட்டில் குடியிருப்பவளுக்கு அந்தச் சட்டத்தில் கைகொடுக்க ஆள் இல்லை. சிங்கப்பூரில், உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் முகவர் விளம்பரம் போடக் கூடாது என்று நடத்தை விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே எதையெதையோ பார்த்துவிட்டு வந்து பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதலாம்.

நான் பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கையகல மனையை விற்பதாக இருந்தாலும் விற்பவரோ அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்றவரோ நேரில் வந்து உட்கார வேண்டும். புகைப்படம், கைரேகை, அடையாள அட்டை, சாட்சிகள் என்று அத்தனையும் கேட்போம். அதே வீட்டை ஊருக்கெல்லாம் விற்பனைக்கு என்று சொல்ல ஒரு கைப்பேசி எண்ணும் அதில் வரும் ஓடிபியும் போதும். அந்த விளம்பரத்தை எடுக்கச் சொல்லி இணையதளத்துக்குப் போனால் புகார்ப் பட்டியலில் "விலை தவறு", "படம் தவறு", "ஏற்கெனவே விற்றுவிட்டது" என்றெல்லாம் இருக்கிறது. "இது என் வீடு, நான் விற்கவில்லை" என்று மட்டும் இல்லை. ஆக, என் வீடு விற்றுப் போய்விட்டது என்று நானே பொய் சொன்னால்தான் விளம்பரம் இறங்கும். நான் சொல்லவில்லை. மின்னஞ்சல் எழுதினேன். உரிமையாளர் என்பதற்குப் பத்திர நகலும் வரி ரசீதும் அனுப்பச் சொன்னார்கள். போட்டவரிடம் கேட்காததை என்னிடம் கேட்டார்கள்!

இந்த மாதிரித் தளங்கள் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும், புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று ஒப்புகை தர வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து எழுதிய பிறகு விளம்பரம் இறங்கியது. சில நாளில் அதே படங்களோடு வேறொரு தரகரின் எண்ணில் மறுபடி ஏறியது. ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்வது அவர்களுக்குள் வழக்கமாம். அந்த ஒற்றுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இங்கே வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது. இப்படி வருகிறவர்களுக்குப் பண்பாக வீட்டைத் திறந்து காட்டி விலை பேசிவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, நாம் சொல்லாமல் நம் சார்பில் ஒருவர் செய்த காரியத்தை நாம் பின்னால் ஏற்றுக்கொண்டால், அது நாம் சொல்லிச் செய்ததாகவே ஆகிவிடும். வாயால்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை, நடந்துகொண்ட விதமே போதும். பிறகு "பார்ட்டியைக் கொண்டுவந்தது நான்தானே" என்று கமிஷனுக்கு வந்து நிற்பார். வேண்டாம் என்பதை முதல் நாளே எழுத்தில் சொல்லி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

தரகர்களை மட்டும் சொல்வானேன். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டித் தருகிறோம், ஜாயின்ட் வென்ச்சர் போடலாம் என்று கேட்டில் கடிதம் செருகிவிட்டுப் போகிறவர்கள், வீட்டின் மேல் கடன் வேண்டுமா என்று மதியத் தூக்கத்தில் எழுப்புகிறவர்கள், எல்லோருக்கும் என் வீட்டின் மேல் என்னைவிட அக்கறை. இவர்களுக்கு என் எண் எங்கிருந்து போனது என்று கேட்டு உங்களுக்கே ஒரு கடிதம் எழுதியிருந்தேன். அதில் இதழைப் பாராட்டி எழுதிய முதல் இரண்டு வரியை மட்டும் வெளியிட்டீர்கள். மிக்க நன்றி. இந்தக் கடிதத்தில் அப்படி வெளியிடத் தோதான வரி எதுவும் இல்லை, தேட வேண்டாம்.

உங்கள் வரிவிளம்பரப் பக்கத்தையும் பார்த்தேன். "உரிமையாளர் நேரடி விற்பனை" என்ற தலைப்பில் வேறு வேறு வீடுகளுக்கு ஒரே கைப்பேசி எண். அத்தனை வீட்டுக்கும் உரிமையாளரான அந்தப் பெருஞ்செல்வர் யாரென்று விளம்பரப் பிரிவில் விசாரித்தீர்களா?

நான் கேட்பது சிறியது. உங்கள் விளம்பரப் படிவத்தில் "உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இணைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு கட்டம் சேருங்கள். நகல் இல்லாவிட்டால் விளம்பரத்தை வாங்காதீர்கள். தரகர் கொடுப்பதைத் தரகர் என்று போட்டே வெளியிடுங்கள். கட்டுரையாளரின் அந்த வரிக்கு மறுப்பு வெளியிட வேண்டும் என்று கேட்க நினைத்தேன், அதெல்லாம் நடக்காது என்று தெரியும், கேட்கவில்லை.

விதிப்படி முழு முகவரியும் கைப்பேசி எண்ணும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து அச்சிட வேண்டாம். விளம்பரப் பிரிவுக்கும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டை விற்காத ஒரு வாசகி