ஆமிஷ் பாடம் நடத்தப்போகும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

நம் பென்சில்வேனியாவில் ஆமிஷ் மக்கள் நிறைய வாழும் லான்காஸ்டர் பகுதிக்குப் போகும் சுற்றுலாவுக்கு முன்னால் பிள்ளைகள் நிரப்பி வர வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். இடப்பக்கம் ‘ஆமிஷ் மக்கள்’, அதாவது காரையும் கரண்டையும் தள்ளி வைத்து வாழ்கிறார்கள் என்று பேர் பெற்ற கிறிஸ்தவச் சமூகம், வலப்பக்கம் ‘நாம்’. அவர்களிடம் கார் இல்லை, நம்மிடம் இருக்கிறது. அவர்களிடம் கரண்ட் இல்லை, நம்மிடம் இருக்கிறது. இப்படியே கீழே வரைக்கும் போய், கடைசியில் ‘எந்த வாழ்க்கை சிறந்தது, ஏன்?’ என்று ஒரு கேள்வி. வார இறுதியில் ஒரு பைசா வாங்காமல் வந்து பாடம் எடுக்கிறவர்களிடம் குறை சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளை நிரப்பிவிட்டு வண்டியேறுகிற பிள்ளை, குதிரை வண்டியைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடும். அதற்காக இரண்டு மணி நேரம் போக வேண்டுமா?

முதலில் அந்த ‘இல்லை’ பட்டியலே சரியில்லை. லான்காஸ்டர் பக்கத்து ஆமிஷ் மாட்டுப் பண்ணை ஒன்றின் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால் டீசல் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். பால் தொட்டியைக் குளிர வைப்பது அதுதான். பட்டறைகளில் இயந்திரங்கள் காற்றழுத்தத்தில் ஓடும், வீட்டில் ஃப்ரிட்ஜ் புரொப்பேன் கேஸில் ஓடும், குதிரை வண்டியில் பேட்டரி விளக்கும் இண்டிகேட்டரும் இருக்கும். அவர்கள் வேண்டாம் என்றது தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கம்பியை. போனும் அப்படித்தான், வீட்டுக்குள் இருக்காது, ஆனால் தோட்டத்து ஓரத்தில் சின்னதாக ஒரு மரக்கூண்டுக்குள் இருக்கும், தேவைப்பட்டால் நடந்து போய்ப் பேசிவிட்டு வருவார்கள். சொந்தக் கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள், தூரமாகப் போக வேண்டுமென்றால் டிரைவரோடு வேன் அமர்த்திக்கொள்வார்கள்.

அந்தப் பால் தொட்டிக் கதையைக் கட்டாயம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1960களின் கடைசியில் பால் கம்பெனிகள் வந்து, பழைய கேன்கள் இனி ஆகாது, குளிரூட்டும் தொட்டி வைத்தால்தான் பால் எடுப்போம் என்று சொல்லிவிட்டன. ஆமிஷ் பெரியவர்கள் கூடிப் பேசி, தொட்டி வைக்கலாம், ஆனால் டீசலிலும் பேட்டரியிலும் ஓட வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பால் எடுக்க லாரி வரும் என்றதற்கு மட்டும் முடியாது என்று நின்றுவிட்டார்கள். வருமானம் போய்விடுமோ என்ற பயம் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனாலும் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் பாருங்கள், நம் வீடுகளில் அப்படி ஒரு பேச்சு நடந்து நான் பார்த்ததில்லை.

கார் விஷயமும் இதே கணக்குதான். அவர்களுக்குக் கோயில் கட்டடம் கிடையாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு, பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வீடு வீடாகப் போகும். இருபது முப்பது குடும்பம் பக்கத்து பக்கத்தில் இருந்தால்தான் இது நடக்கும். ஆளுக்கொரு கார் வந்துவிட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள் என்று நினைத்தார்கள். லான்காஸ்டரில் சைக்கிள்கூட கிடையாது, பெரியவர்கள் முதல் சின்னப் பிள்ளைகள் வரை காலால் உந்தித் தள்ளும் ஸ்கூட்டர்தான், முன்னால் ஒரு கூடையோடு. இந்தியானாவின் வடபகுதிக்குப் போனால் அங்கே ஆமிஷ்காரர்கள் சாதாரணமாக சைக்கிள் ஓட்டுகிறார்கள். அந்தந்த ஊர்ச் சபை அதனதன் கட்டுப்பாட்டைத் தானே வகுத்துக்கொள்கிறது, வருடத்துக்கு இரண்டு முறை கூடி அதைப் பேசுகிறது. நம் மாநிலத்திலேயே பிக் வேலி என்ற பள்ளத்தாக்கில் வண்டிக் கூரையின் நிறம் பார்த்து அங்கிருக்கும் மூன்று ஆமிஷ் பிரிவையும் சொல்லிவிடலாம்: கறுப்பு, மஞ்சள், வெள்ளை. ஆகவே ‘ஆமிஷ் மக்கள்’ என்று ஒரே கட்டத்தில் எழுத முடியாது.

இன்னொன்று, தாளில் இருக்கும் ‘பழங்காலத்தில் வாழ்பவர்கள்’ என்ற வரியை அடித்துவிடுங்கள். இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் இன்று சுமார் 4 லட்சம் பேர், ஏறக்குறைய இருபது வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள். மறைந்துகொண்டிருக்கிற கூட்டம் இப்படி வளராது.

நமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டியது மொழிதான் என்று எனக்குப் படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்தவர்கள் அவர்கள். இன்றும் வீட்டில், வயலில், விளையாட்டில் பென்சில்வேனியா ஜெர்மன்தான் பேசுகிறார்கள். பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தை ஒழுங்காகக் கற்பதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான். நாமோ ஒரே தலைமுறையில், ‘ஷூவைப் போடு’ என்றால் ‘ஐ நோ’ என்று பதில் வரும் நிலைக்கு வந்துவிட்டோம். பாட்டி, அத்தை, பக்கத்து வீடு, மாட்டுக்கொட்டகை என்று எல்லாமே ஒரு மொழியில் இருந்தால் அது நிற்கிறது. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். தங்களுக்குள்தான் கல்யாணம், எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும், ஞானஸ்நானம் வாங்கிய பிறகு வெளியேறினால் சொந்த வீட்டார்கூட ஒதுக்கி வைப்பார்கள், பெண்ணுக்குச் சபைத் தலைமையில் இடமே கிடையாது. இதையெல்லாம் மறைத்துவிட்டு ‘எளிமையான இனிய வாழ்க்கை’ என்று பூசி மெழுகினால் அது இன்னொரு வகைப் பொய்.

எட்டாம் வகுப்பு விஷயத்தைப் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு பட்டிமன்றமாகவே வைக்கலாம். விஸ்கான்சின் மாநிலத்தில் நியூ கிளாரஸ் என்ற ஊரில் மூன்று அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளை அதற்கு மேல் அனுப்ப மறுத்தார்கள், ஆளுக்கு 5 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972இல் அப்பாக்கள் பக்கம் தீர்ப்பானது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டு எழுதினார்: அப்பாவின் மதம் சரி, பிள்ளையை யாராவது கேட்டீர்களா, அது பியானோ வாசிக்கவோ விண்வெளிக்குப் போகவோ ஆசைப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று. படிப்பை வைத்தே இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் இதில் என்ன பேசுவார்கள் என்று கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது. அப்படியே, நம் வீட்டில் எந்த முடிவுக்கு அவர்களைக் கேட்டோம் என்று திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள், தயாராக இருங்கள்.

குடவோலை பாடம் ஏற்கெனவே நடத்திவிட்டீர்கள் அல்லவா? ஆமிஷ் சபையில் போதகரைத் தேர்ந்தெடுப்பதும் சீட்டுப் போட்டுத்தான். பலர் பெயர் சொன்ன ஆண்கள் ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம் எடுப்பார்கள், ஒன்றில் மட்டும் துண்டுச் சீட்டு இருக்கும். பாடத்தோடு ஒட்டிச் சொல்லிவிடலாம்.

அந்த இரண்டு கட்டத் தாளுக்குப் பதிலாக வேறு ஒன்று கொடுங்கள். வீட்டில் உள்ள ஒரு பொருளை, டேப்லெட்டோ ரோபோ வாக்குவமோ எதுவானாலும் சரி, பிள்ளை எடுத்துக்கொண்டு இதை யார் வாங்கச் சொன்னது, வந்த பிறகு வீட்டில் எது நின்றுபோனது என்று அம்மா அப்பாவிடம் கேட்டு, தமிழில் ஐந்து வரி எழுதி வரட்டும்.

போட்டோ விஷயம். முகத்தைப் படம் பிடிப்பதை அவர்கள் விரும்புவதில்லை, மத நம்பிக்கை சார்ந்தது. பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள், பெற்றோரைத்தான் பஸ்ஸிலேயே கண்டித்து வைக்க வேண்டும். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ‘ஆமிஷ் கிராமம்’ வகையறாக்களில் பல வெளியாட்கள் நடத்துகிற வியாபாரம், அதில் ஒன்று போதும். மிச்ச நேரத்தில் பண்ணை வாசல் கடைகளில் நின்று ஜாம், ரூட் பியர் என்ற குளிர்பானம், பிரெட்ஸல் வாங்கலாம்.

அப்புறம், நீங்கள் குறித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அந்தக் கடைகள் எதுவும் திறந்திருக்காது, பண்ணை வாசல்களில் ‘ஞாயிறு விற்பனை இல்லை’ என்ற பலகைதான் தொங்கும். சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாற்றினால் எங்கள் வேனில் ஆறு பிள்ளைகளை நான் ஏற்றிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் நிலையில் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா