விடுதலைப் பத்திரம் பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். அப்பா விட்டுப்போன உச்சிப்புளித் தோப்பிலும் வீட்டிலும் தங்கச்சி தன் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடட்டும், ஆதிகாலத்திலிருந்து இதுதானே முறை என்கிறாய். அது சித்தப்பா பேச்சு என்று தெரியும். ஆனாலும் வரலாற்று டீச்சர் பெற்ற பிள்ளை 'ஆதிகாலம்' என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

உனக்குப் பெண் பார்த்தபோது முதலில் என்ன கேட்டார்கள்? கிளை. நம் கொண்டையங்கோட்டை மறவரில் கிளை என்கிற வம்சப் பிரிவு தாய்வழி. நீயும் தங்கச்சியும் என் கிளை, அப்பா கிளை வேறு. ஒரே கிளை என்றால் அண்ணன் தங்கை முறை, சம்பந்தம் கிடையாது. அதை இம்மி பிசகாமல் பார்க்கிற அதே பெரியவர்கள், நிலம் என்று வந்ததும் அப்பா வழிக்குத் தாவிவிடுகிறார்கள். பக்கத்தில் கீழக்கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறார், வீடு மகளுக்கு. அங்கே பெண்ணாட்சி நடக்கிறது என்று சொல்லவரவில்லை, வியாபாரமெல்லாம் ஆண்கள் கையில்தான். ஆனால் ஒரே கடற்கரையில் இத்தனை முறை இருக்கிறதே, இதில் எது ஆதி?

உன் அப்பா ஒருநாளும் என்னை அதட்டியதில்லை. இருந்தும் என் சம்பளமும் சேர்ந்து வாங்கிய தோப்பு அவர் பேரில் மட்டும்தான் பதிவானது. எனக்கும் அது அப்போது தோன்றவில்லை. ஆணாதிக்கத்துக்குக் கெட்ட ஆண் தேவையில்லை. யார் பேரில் சொத்து, யார் கையெழுத்து செல்லும் என்கிற ஏற்பாடு போதும்.

மனிதர் விதைத்து அறுக்கத் தொடங்கிச் சுமார் 10,000 ஆண்டுதான். நிலமும் மாடும் சேர்ந்தபின், அது தன் பிள்ளைக்கே போக வேண்டும் என்ற கவலை ஆணுக்கு வந்தது, அதற்காகப் பெண்ணைக் கட்டிவைத்தான் என்று 1884-ல் மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸ் எழுதினார். பெண் வரலாற்றை ஆராய்ந்த கெர்டா லெர்னர் 1986-ல் அதைத் திருப்பிப் போட்டார்: சொத்துரிமை வருவதற்கு முன்பே பெண்ணும் அவள் பெறும் பிள்ளையும் கைமாறும் பொருளாகிவிட்டார்கள் என்றார். என் மனம் லெர்னர் பக்கம்தான் சாய்கிறது. பெண் வெளிவேலைக்கு வந்தால் விடுதலைக்கு வழி பிறக்கும் என்று ஏங்கெல்ஸ் நம்பினார். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, கடலில் முங்கி முங்கிப் பாறையில் கடல்பாசி பறிக்கிறார்கள். கரையேறியதும் ஈரச்சேலையோடு அடுப்பைப் பற்றவைப்பதும் அவர்களே.

ராமநாதபுரம் ஜமீன் கதையைக் கேள். கணவரை இழந்த ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் எடுத்த தத்து செல்லுமா என்ற வழக்கு அன்றைய மேல்கோர்ட்டுக்கெல்லாம் மேலான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1868-ல் செல்லும் என்றார்கள். ஏன்? கணவர் வழிச் சொந்தங்கள் சம்மதித்திருந்தார்களாம். ராணிக்கே பங்காளி சம்மதம் வேண்டியிருந்தது.

எனக்கு 1987-ல் கல்யாணம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்ற தமிழ்நாட்டுத் திருத்தம் 1989-ல் வந்தது, அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. 2005-ல் அந்தத் தடையில்லாத மத்தியச் சட்டம் வந்தபோது மாமாக்கள் எல்லாவற்றையும் பிரித்து முடித்திருந்தார்கள். தங்கச்சிக்கு அந்தச் சிக்கலே இல்லை. அப்பா வாங்கிய சொத்து, உயில் கிடையாது. 1956 சட்டப்படியே நம் மூவருக்கும் சமபங்கு. அப்பத்தா இருந்திருந்தால் அவருக்கும் ஒன்று.

நகை போட்டாச்சே என்பார் சித்தப்பா. அந்த நகை யார் தொழிலுக்காக அடகில் கிடக்கிறது என்று உனக்கும் தெரியும்.

தங்கச்சி கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருக்கிறாள். சொத்தைக் கேட்டால் அண்ணன் பொறந்த வீட்டு வாசலை அடைத்துவிடுவானோ என்ற பயம். நீயே அவளுக்கு போன் போடு. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுத ஆள் பேசிவிட்டேன். நீ லீவு போட்டு வர வேண்டாம், தோஹா தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிப் பவர் பத்திரம் அனுப்பினால் போதும். சித்தப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா